மேற்குச் சுவரில் ஒரு வாசல்

இராக்கில், ஷெர்காத் ஊர்க்காரர்களான எங்களுக்குச் சுவர்தான் பிழைப்பு. அகழாய்வுக் குழிகளில், மண்ணுக்குள் புதைந்த மண்சுவரைக் கண்டுபிடிப்பது. சுடாத செங்கல்லும் அதன்மேல் சரிந்து கிடக்கும் மண்ணும் ஒரே நிறம். குந்தாலி முனை பட்டதும் கை சொல்லவேண்டும். என் பெரியப்பா மகன் அபு நாயிஃபின் கை முப்பத்தோரு வருஷம் சரியாகச் சொன்னது.

அதற்கடுத்த வருஷம் சமாவாவுக்குத் தெற்கே, பழைய கோயில் ஒன்று புதைந்த மேட்டில் வேலை. அடுத்த குழியில் அவன் மனைவியின் தம்பி ஹவாஸ்.

"என்ன மச்சான், சுவரைத் தேடுறியா, தடவிக் கொடுக்கிறியா? நான் மூணு அறை எடுத்தாச்சு."

"உன் அறையில ஒட்டகம்கூடப் படுக்காது, போடா."

சொன்னானே தவிர, வேகத்தைக் கூட்டிவிட்டான். தூசிக்காற்றில் மண் பொடியாகிக் கிடந்தது. தண்ணீர் தெளித்துக் காயவிட்டால் செங்கல்லின் கோடுகள் எழும். தெளிக்கவில்லை. மதியத்துக்குள் கோயிலின் மேற்குச் சுவரையே, சரிந்த மண் என்று நினைத்து, ஓர் ஆள் அகலத்துக்கு வெட்டிவிட்டான். கடைசித் துண்டில்தான் செங்கல்லின் மூலை தெரிந்தது. அதையும் உடைத்துக் கூடையில் போட்டான்.

மறுநாள், அகழாய்வை நடத்தும் டாக்டர் ரபாப் அந்த இடைவெளியைப் பார்த்துக் குந்திவிட்டார்.

"அபு நாயிஃப், இது வாசல்! அந்தக் காலத்து மேய்ப்பன் சாமி துமூஸியைப் பேய்ங்க பாதாளத்துக்கு இழுத்துட்டுப் போன கதை இருக்குல்ல? சூரியன் விழுற பக்கம். கோடையில அவன் சிலையை இந்த வழியாத்தான் தூக்கிட்டுப் போயிருக்கணும்."

"இருக்கும், டாக்டர்."

தேநீர் வேளையில் என்னிடம் சொன்னான். "நான்தான் வெட்டினேன், தம்பி. அங்கே வாசல் இல்ல."

"வாயைத் திறக்காதே. ஹவாஸ் ஊர் பூரா சொல்லிச் சிரிப்பான். அடுத்த வருஷம் உன்னைக் கூடை தூக்கத்தான் கூப்பிடுவாங்க."

ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டான். எழுந்து போய் இடைவெளியின் பக்கங்களைத் தடவினான். வந்தான். மறுபடி போனான். மூன்று நாள் இப்படியே. டாக்டர் அந்த வாசலோடு கோயிலின் வரைபடத்தை வரைந்துகொண்டிருந்தார். வியாழக்கிழமை பாக்தாதிலிருந்து ஆட்கள் பார்க்க வருவதாகச் சொன்னார்.

புதன் காலை தனக்குத்தானே பேசுவதுபோல் கேட்டார்: "வாசல் ஓரத்துல பூச்சு இருக்கணுமே. எங்கே போச்சு?"

"பூச்சு இல்ல, டாக்டர். வாசலும் இல்ல. சுவரை நான் வெட்டிட்டேன்."

அடுத்த குழியில் ஹவாஸின் குந்தாலி நின்றது. டாக்டர் பக்கச்சுவரைக் கட்டைவிரலால் துடைத்தார். குந்தாலித் தடங்கள், புதியவை.

"நாலு நாளா தெரியுமா?"

"நாலு நாளா."

டாக்டர் பென்சிலை எடுத்தார். காகிதத்தில் இடைவெளியைப் புள்ளிக்கோட்டால் அடைத்தார். பக்கத்தில் சிறிதாக எழுதி, எழுதியதை வாசித்தார்: "அபு நாயிஃப் வெட்டியது."

எங்கள் ஆள் ஒருவன் பெயர் வரைபடத்தில் ஏறி நான் பார்த்தது அது ஒன்றுதான்.

அபு நாயிஃப் எட்டிப் பார்த்தான்.

"முழுப்பேரையும் போடுங்க, டாக்டர். எங்க ஊர்ல அபு நாயிஃப்னு ஆறு பேர் இருக்காங்க."