மெதுவாக நடக்கக் கற்றுக்கொடுக்கிறேன்

கையை மெதுவாகத் தூக்கி மெதுவாக இறக்கக் கற்றுக்கொடுப்பதும் ஒரு தொழில்தான். சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது ரத்த அழுத்தம் எகிறியது. குடியிருப்புக்குக் கீழே தினமும் காலையில் பழகும் சீனப் பெரியவர்களோடு நானும் போய் நின்றேன். அப்படி ஒட்டிக்கொண்டது டாய் சி. இப்போது ஸ்ரீரங்கத்தில் ஒரு பூங்காவில் காலை ஆறு மணிக்கு வகுப்பு நடத்துகிறேன். டீ ஆறும்வரை பொறுக்காமல் நாக்கைச் சுட்டுக்கொள்ளும் என் இனத்தாரே, இது உங்களுக்குத்தான்.

எதிராளி

பூங்கா வாட்ச்மேன் ஒரு வாரம் எங்களை வேடிக்கை பார்த்தார். இது தற்காப்புக் கலை என்று நான் சொல்லிவிட்டது அவரை அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அடியும் உதையும் இதில் உண்டு, ஆனால் நாங்கள் உடம்புக்கும் மனசுக்கும்தான் பழகுகிறோம் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்க கையத் தூக்குறதுக்குள்ள அடிக்க வந்தவன் பாலம் தாண்டி மன்னார்புரமே போயிடுவானே சார்?"

வட்டம்

மூச்சைக் கவனித்தபடி வட்டமாக நடப்பது ஒரு பயிற்சி. வலமாகச் சில சுற்று, இடமாகச் சில சுற்று. ரங்கநாயகி மாமி ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். வலமாக ஜோராக நடந்தார். திரும்பச் சொன்னதும் நின்றுவிட்டார். "அப்பிரதட்சிணமா? நான் மாட்டேன்."

இரண்டு முட்டிக்கும் சமமாக வேலை வேண்டும் என்று கெஞ்சிப் பார்த்தேன். மாமி அசையவில்லை. மறுநாள் அவராகவே இடமாக நடக்க ஆரம்பித்தார். ஆச்சரியமாகப் பார்த்தேன். "ராத்திரி பூரா யோசிச்சேன். நடுவுல பெருமாளா இருக்கார்? நீங்கதானே நிக்கறேள். உங்கள எப்படிச் சுத்தினா என்ன?"

நாற்காலி

சுல்தான் பாய்க்கு மலைக்கோட்டைப் பக்கம் பாத்திரக் கடை. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் பாலம் தாண்டி வருவார். முட்டித் தேய்மானத்தால் நாலு வருஷமாகப் பள்ளிவாசலில் நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகை. வரிசையில் எல்லோரும் குனிந்து நெற்றியைத் தரையில் வைக்கும்போது தான் மட்டும் உயரத்தில் இருப்பது அவருக்குப் பெரிய மனக்குறை. டாக்டர், வலிக்காத அளவுக்குப் பழகச் சொல்லியிருந்தார். முதல் நாளே பாய் என்னிடம் சொல்லிவிட்டார்: "நெத்தி தரையில படணும் மாஸ்டர். எனக்கு அது ஒண்ணு போதும்."

என் அவசரம்

ரம்ஜான் நோன்பு தொடங்க ஒரு மாதம் இருந்தது. அதற்குள் அவரைத் தரையில் உட்காரவைத்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி. அவருக்காக என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் என் பெருமைக்காகத்தான். "இன்னும் கொஞ்சம் இறங்குங்க பாய்" என்று சொல்லிச் சொல்லி இறக்கினேன். முடிந்த அளவில் முக்கால் பங்கோடு நிறுத்து என்பது எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அதை நானே மறந்தேன். மூன்றாம் நாள் பாய் வரவில்லை. முட்டி வீங்கிவிட்டதாகத் தகவல் வந்தது.

முகத்தில் முழிக்க வெட்கமாக இருந்தது. இரண்டு வாரம் கழித்துத்தான் கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பின்னால் நின்றபடி உடம்பின் பாரத்தை இடது காலுக்கும் வலது காலுக்கும் நிதானமாக மாற்றிக்கொண்டிருந்தார். நான் சொல்லிக்கொடுத்ததுதான், ஆனால் நான் செய்வதைவிட நன்றாக. மன்னிப்புக் கேட்டேன். டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நான் அடுத்த ரம்ஜானத்தான் நெனச்சிருந்தேன் மாஸ்டர். நீங்கதான் இந்த ரம்ஜானுக்கே பாத்தீங்க."

நெற்றி

அந்த ரம்ஜான் நாற்காலியிலேயே போனது. வீக்கம் நன்றாக வற்றி, டாக்டரும் சரி என்ற பிறகு மறுபடி ஆரம்பித்தோம். முதலில் நாற்காலி, பிறகு முக்காலி, பிறகு மடித்த கம்பளி. 'இன்னும் கொஞ்சம்' என்று நாக்கு நுனிவரை வரும். கடித்துக்கொள்வேன். எப்போது நிறுத்துவது என்பதைப் பாயின் முட்டியே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ரம்ஜானுக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. ஒருநாள் பாய் தாமதமாக வந்தார். அவர் ஒருநாளும் தாமதித்ததில்லை. நெற்றியில் கோரைப்பாயின் தடம் பதிந்திருந்தது. என்ன ஆயிற்று என்று மாமி பதறினார். பாய் என்னைப் பார்த்துச் சொன்னார்: "நெத்தி தரையில பட்டுடுச்சு மாஸ்டர். எந்திரிக்கத்தான் மனசு வரல."

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டே வட்டத்தில் நடக்க ஆரம்பித்தார், இடமாக.

ஊருக்கெல்லாம் நிதானம் கற்றுக்கொடுக்கும் நான், இந்தச் சந்தோஷத்தை வீட்டில் சொல்வதற்காக, கிளம்பிவிட்ட பஸ்ஸை அன்றைக்கும் ஓடித்தான் பிடித்தேன்.