மச்சாளின் அழுகையும் மகளின் ஒடிசனும்

எனக்கு எழுத்து ஒழுங்காக வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஒன்றை எழுதப் போனால் இன்னொன்று மறந்து போகிறது. பிழை இருந்தால் மன்னிக்க வேணும். ஆனாலும் என் மகள் மேற்படிப்புக்கு மனுப் போட்ட கதையை யாராவது எழுதி வைக்கத்தான் வேண்டும். வீட்டில் சும்மா இருப்பது நான் ஒருத்திதான்.

மகளுக்கு முப்பத்துநான்கு வயது. நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பிக்கிறாள். சனிக்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்குப் போய், கட்டிலில் கிடக்கும் பிள்ளைகளுக்கு வயலின் வாசிப்பாள். அப்படிப் போய்வந்த காலத்தில்தான், நோயாளிகளை இசையால் தேற்றுவதற்கென்றே ஒரு படிப்பு வெளிநாட்டில் இருப்பதை அறிந்தாள். ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர்கள்தான் அதைப் படிக்கலாமாம். ஏன் படிக்க விரும்புகிறாய் என்று ஒரு பக்கம் எழுதிக் கேட்டிருந்தார்கள். அந்த ஒரு பக்கத்தை அவள் எத்தனை தரம் எழுதிக் கிழித்தாள் என்று குசினி அடுப்புக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு கம்பியூட்டரில் ஆளைப் பார்ப்பார்கள். பழகிய இரண்டு உருப்படி வாசிக்க வேணும். கடைசியாக, அவர்கள் அந்த இடத்தில் கொடுக்கும் எதற்காவது, ஆயத்தம் இல்லாமல் சேர்ந்து வாசிக்க வேணும். அதைத்தான் அவள் ஒடிசன் என்றாள்.

அந்த வருடம்தான் என் அவர் போனார். துறைமுகத்தில் லோஞ்ச் படகு ஓட்டினவர். ஒரு வருடம் நிறைந்து ஆட்டைத் திவசம் முடியும்வரை செத்த வீட்டில் வாத்தியச் சத்தம் கேட்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். ரேடியோவைக்கூட நாங்கள் போடவில்லை. பக்கத்து வளவில் மச்சாள் இருக்கிறா, அவருடைய தமக்கை. வழக்கம் தவறினால் வேலிக்கு மேலால் முதலில் வருவது அவவின் குரல்தான்.

அதனால் மகள் வீட்டில் சத்தமில்லாமல் பழகினாள். வயலினைத் தோளில் வைப்பாள், இடது கை விரல்கள் தந்தியில் ஓடும், வில் மட்டும் தந்தியில் படாது. ஒரு விரல் உயரத்தில் காற்றில் போய் வரும். பின்னேரம் சன்னல் வெயில் அந்த வில்லில் ஏறி இறங்கும். நான் கதவடியில் சுளகோடு இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். வெளியே சல்லி ஊர்ப் பக்கத்துக் கடல் இரைந்துகொண்டிருக்கும். கடலின் இரைச்சலுக்குள் எங்கேயோ அவளுடைய பாட்டும் கிடக்கிற மாதிரி எனக்கு இருக்கும். அரிசியில் கல் பொறுக்க மறந்து, வெறும் கையைச் சுளகில் அளைந்துகொண்டு இருந்த நாட்கள் உண்டு. நித்திரையா விழிப்பா என்று சொல்லத் தெரியாது.

ஒருநாள் அவள் விரல் ஓரிடத்தில் மெல்ல வழுகி நின்றது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இப்ப வாசிச்சது அப்பாவுக்குப் பிடிச்சதோ பிள்ளை?"

"ஓம் அம்மா. எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?"

தெரியவில்லை என்றேன். இன்றைக்கும் தெரியாது.

ஒடிசனுக்கு நகரத்தில் சிநேகிதி வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அன்று காலை அந்தச் சிநேகிதி போன் எடுத்தாள். அவளுடைய பிள்ளைக்குக் கொப்பளிப்பானாம், படலையில் வேப்பிலை கட்டியாயிற்றாம். அம்மாள் வந்த வீட்டுக்குள் வெளியாள் எப்படிப் போவது? பள்ளிக்கூடமும் லீவில் பூட்டு. கடற்கரையில் காற்று. மகள் கதிரையில் இருந்து தன் கால் விரலையே பார்த்தாள்.

"அடுத்த வருசம் பாப்பம் அம்மா."

அடுத்த வருடம் அவள் போடமாட்டாள் என்று பெற்ற எனக்குத் தெரியாதா? அப்போது என் வாயிலிருந்து வந்ததை நானே நம்பவில்லை.

"இஞ்சையே வாசி."

"மாமி கேட்டா?"

"மாமியை நான் பாக்கிறன்."

கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து மச்சாளுக்கு ஒரு மறுபேச்சுப் பேசாதவள், போய்ப் படலையில் காவலுக்கு நின்றேன்.

மத்தியானம் திரும்பி, சீனன்குடாப் பக்கம் ஒரு விமானம் இறங்கின சத்தம் அடங்க, உள்ளே வயலின் தொடங்கியது. எத்தனையோ மாதமாகக் கண்ணால் பார்த்ததைக் காதால் கேட்கிறேன். வளவு மரங்களெல்லாம் கொஞ்சம் தள்ளி நின்று கேட்கிற மாதிரி இருந்தது. முதல் உருப்படி முடிந்து இரண்டாவது போய்க்கொண்டிருக்கையில், வேலியில் ஆள் நுழையுமளவு இருந்த பொட்டுக்குள்ளால் மச்சாள் வந்தா.

"என்னடி இது, செத்த வீட்டில கச்சேரி வைக்கிறியளோ? அவன்ர படத்துக்குப் போட்ட மாலை இன்னும் காயேல்ல."

ஒடிசன் என்று சொல்லத் தைரியம் இல்லை. "மச்சாள், வெளிநாட்டில இருந்து கதைக்கினம்" என்று மட்டும் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஓர் அர்த்தம்தான். செத்த வீட்டுக்கு வர ஏலாத வெளிநாட்டுச் சொந்தங்கள் போனில் முகம் பார்த்துத்தான் துக்கம் விசாரிப்பார்கள். அப்படி யாரும் முதல்தரம் வந்தால், வீட்டுப் பெண்கள் அவர்களோடு இருந்து அழ வேண்டும். அழாவிட்டால் செத்தவருக்கு மரியாதை இல்லை.

"துக்கம் விசாரிக்கிற ஆக்களோ? முதலே சொல்றதுக்கென்ன, உன்ர வாய்க்குப் பூட்டே போட்டிருக்கு?"

நான் இல்லை என்பதற்குள் கொண்டையை அவிழ்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டா. பின்னால் ஓடினேன். கம்பியூட்டரில் நரைத்த தலை வெள்ளைக்காரி ஒருத்தியும் கண்ணாடி போட்ட ஓர் ஆணும் இருந்தார்கள். மகள் அப்போதுதான் இரண்டாவதை முடித்திருந்தாள். மச்சாள் அவர்களுக்கு முன்னால் நிலத்தில் குந்தி, மார்பில் கைவைத்து ஒப்பாரி தொடங்கினா.

"கூப்பிட முன்னம் ஓடிவாற என்ர தம்பி, இப்ப கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வத்துதே..."

மகள் என்னைப் பார்த்தாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவள் வில்லை எடுத்து, ஆகத் தாழ்ந்த தந்தியில் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்தாள். மச்சாளின் குரல் எழும்ப அதுவும் கொஞ்சம் எழும்பியது. அவ மூச்செடுக்க நிற்க, வில்லும் நின்றது. பிறகு மகள் வில்லை மெதுவாக்கினாள், மச்சாளும் மெதுவானா. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அழுகை தேய்ந்து தேய்ந்து ஒரு முனகலாகி, அதுவும் ஓய்ந்தது.

அந்த வெள்ளைக்காரி கண்ணைத் துடைத்தா. மச்சாளும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆர் பிள்ளை இவ, தம்பியோட வேலை செய்தவவோ? சாப்பிட்டவவோ எண்டு கேள்" என்றா.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ ஒரு மின்னஞ்சல் வந்தது. மகள் வாசித்துச் சொன்னாள். தாங்கள் கொடுக்க இருந்த மூன்றாவதுக்குப் பதிலாக, கடைசியில் நடந்ததைக் கணக்கில் எடுக்க விருப்பமாம். ஆனால் அழுத அம்மாவுக்கு உள்ளதைச் சொல்லி, அவ சம்மதித்துக் கையெழுத்து வைத்தால் மட்டும்தானாம். சம்மதமில்லாமல் ஒருத்தருடைய துக்கத்தைத் தொடக் கூடாது என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடமாம்.

"அது இல்லாட்டி?"

"முதல் ரெண்டிலயும் பிழை விட்டனான் அம்மா. அதை வச்சு எடுக்க மாட்டினம்."

மாமிக்குத் தானே சொல்லுகிறேன் என்று அவள் எழும்பினாள். நான் விடவில்லை. பிழையான நினைப்பை உண்டாக்கினது என் வாய். நான்தான் போனேன். மச்சாள் முற்றத்தில் கருவாடு பிரட்டிக்கொண்டிருந்தா. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவ நிமிரவில்லை.

"என்ர தம்பிக்கு நான் அழுததுக்கு உன்ர மகளுக்கு மார்க்ஸோ?"

"ஓம் மச்சாள்."

"வெக்கமில்லாமல் ஓம் எண்டுறாய்."

"பொய் சொல்ல ஏலாது மச்சாள். உங்களுக்கு விருப்பமில்லாட்டி வேண்டாம்."

கருவாட்டின் மேல் காகம் இறங்கியது. அவ கலைக்கவில்லை. குனிந்தபடியே கதைத்தா.

"செத்த அண்டைக்கு நான் அழேக்க எல்லாரும் என்ன செய்தவை? போதும் அக்கா, போதும் அக்கா எண்டு கையைப் பிடிச்சு இழுத்தவை. பிறஷர் ஏறுமாம். எட்டாம் நாள் எட்டுச் செலவு அண்டைக்கும் அப்பிடித்தான். உன்ர பெட்டை ஒருத்திதான் போதும் எண்டு சொல்லேல்ல. நான் முடிக்குமட்டும் பின்னால வந்தவள்." பிறகு என்னை முறைத்தா. "பேனை கொண்டு வந்தனியோ, அதையும் நான்தான் தேடிறதோ?"

எழுத்துக் கூட்டிக் கூட்டி முழுப் பெயரும் எழுதினா.

இடம் கிடைத்தது என்ற கடிதம் ஒரு மழைக் காலையில் வந்தது. மகள் அதை வாசித்துவிட்டு, செருப்பும் போடாமல் வேலிப் பொட்டுக்குள்ளால் ஓடினாள். முதலில் மாமிக்குத்தான் சொன்னாள், எனக்குப் பிறகுதான். மனம் ஒரு கணம் சுட்டது, உண்மை. பிறகு அந்தப் பக்கமிருந்து மச்சாள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவர் போனபின் அந்தச் சிரிப்பைக் கேட்டது அன்றுதான். மழைக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதை வாசிக்கிறவர்கள் யாராவது மகளிடம் கேட்டு, உருப்படி இரண்டா மூன்றா, சம்மதம் கேட்ட மின்னஞ்சல் எத்தனையாம் நாள் வந்தது என்பதைச் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். மச்சாள் அழுத வரியையும் நான் சரியாக எழுதினேனோ தெரியாது. அவவிடமே கேட்கலாம். ஆனால் கேட்கும்போது, நான் எழுதினேன் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.