அன்று அண்ணன் ஏன் பின்வாங்கினார்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டவன், எழுத்துப் பிழைகளும் நிறைய வரும். அச்சகத்துக்காரர் திருத்திப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகும் தவறு இருந்தால் அது என்னுடையது. நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன் என்பது உறவினர்கள் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு மலரில் இதை நான்தான் எழுத வேண்டியிருக்கிறது. நடந்தது என்னவென்று வேறு யாருக்கும் தெரியாது.

சென்னையில் அண்ணன் ஆடிய அந்த ஆட்டத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். செஞ்சியிலிருந்து வேன் பிடித்துப் போனோமே, அதுதான். அந்த வேனில் வந்தவர்கள் கையிலும் இந்த மலர் இருக்கும். தயவு செய்து பாதியில் மூடிவிடாமல் படியுங்கள்.

அண்ணன் பிறந்தது வல்லம் பக்கம், வேர்க்கடலை போடுகிற எங்கள் மல்லாட்டைக் கொல்லை வீட்டில். அம்மா காமாலையில் இறந்தபோது நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அண்ணன் படித்தார். சிறு வயதிலிருந்தே பெரிய உடம்பு. சேற்றில் மாட்டிய வண்டியைத் தோள் கொடுத்துத் தூக்குவார். கபடியில் அவரை மடக்க ஆள் கிடையாது. அதைப் பார்த்துத்தான் எங்கள் பங்குத்தந்தை அவரைச் சென்னையில் ஒரு கல்லூரி விடுதியில் சேர்த்துவிட்டார். கபடி ஆடப் போனவர் அங்கே ரக்பி ஆடத் தொடங்கிவிட்டார். அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது இரண்டு காதும் போண்டா போல வீங்கியிருந்தன.

“எவன்டா அடிச்சான்?” என்றார் நைனா.

“யாரும் அடிக்கல நைனா. ஆட்டத்துல ஒரசி ஒரசி வீங்கிடுச்சு.”

“காத ஒரசுறதுக்கு இன்னா ஆட்டம் அது? கெடா சண்டையா?”

“கிட்டத்தட்ட அதான் நைனா” என்று அண்ணன் சிரித்தார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முட்டை வடிவப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம் இது. நடுவில் ஸ்க்ரம் என்று ஒன்று வரும். இரண்டு அணியிலும் எட்டு எட்டுப் பேர் குனிந்து, தோளோடு தோள் பூட்டி, தலையை உள்ளே விட்டு ஒருவரை ஒருவர் தள்ளுவார்கள். அண்ணன் முன்வரிசையில் ஓரத்து ஆள். பின்னால் இருப்பவர்களின் பலம் முழுவதும் அவர் முதுகு வழியாகத்தான் போகும். முன்வரிசைக்காரர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு என்று சொல்வார். உள்ளே நடந்ததை வெளியே சொல்லக் கூடாது.

அண்ணன் இந்திய அணியில் ஆடினார். பிறகு கொழும்பில் ஒரு கிளப் அவரைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. நம் பக்கத்தில் ரக்பியைத் தொழிலாகச் செய்தவர் அவர் ஒருவர்தான். வருடத்துக்கு வருடம் ஒப்பந்தம். ஆட்டம் இல்லாத மாதங்களில் ஊருக்கு வந்து, மணல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ராஜகிரிப் படி ஏறுவார். கோட்டை பார்க்க வந்தவர்கள் அவரைப் போட்டோ எடுப்பார்கள். இப்படிப் பல வருடங்கள் நன்றாகப் போயின.

அண்ணனுக்கு முப்பது தாண்டிய பிறகு அவருடைய கிளப் ஒரு போட்டிக்காகச் சென்னைக்கு வந்தது. முன்வரிசையில் வெளிநாட்டுக்காரர் ஒருவருக்குத்தான் அந்த கிளப்பில் இடம். அடுத்த ஒப்பந்தத்தை அந்தப் போட்டியைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம் என்று சொல்லியிருந்தார்கள். அண்ணன் எனக்குப் போன் செய்தார்.

“இந்த மேட்ச்ல தோளு நின்னா இன்னும் ரெண்டு வருஷம்டா. இல்லன்னா ஊருதான்.”

நான் வீட்டில் சொன்னேன். அதனால்தான் எல்லோரும் ஆசையாகக் கிளம்பினோம். நைனா நம் மாதா கோயில் தேருக்கு அடிக்கிற பெரிய மேளத்தையும் வேனில் ஏற்றினார். “அடிக்கிற அடியில கொழும்புக்காரனே எழுந்து ஆடணும் அண்ணாத்த” என்றார் சித்தப்பா. நைனாவுக்கு அவ்வளவு சந்தோஷம். தானே அடித்தார்.

எதிரணி சென்னைக்காரர்களுடையது. அண்ணனுக்கு எதிரே பூட்டியவர் ராயபுரத்துப் பிள்ளை, அண்ணனைவிட நன்றாக இளையவர். நீங்கள் எல்லோரும் நிழல் பார்த்து மறுபக்கம் உட்கார்ந்திருந்தீர்கள். எனக்குக் கூட்டம் ஆகாது. தண்ணீர் கேன்கள் வைத்திருந்த மூலையில் தனியாக நின்றேன். ஆட்டம் முடிகிற நேரத்தில் கடைசி ஸ்க்ரம் அந்த மூலையில், என் கண் முன்னால் அமைந்தது.

பூட்டினார்கள். மேளம் வேகம் எடுத்தது. “தள்ளு, தள்ளு” என்று நீங்கள் கத்தினீர்கள். அண்ணன் அணி முன்னே நகர்ந்தது. அப்போதுதான் உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

“நெக்கு! நெக்கு! ணா... நெக்கு!”

எனக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் அந்தக் குரல் ஆட்டத்துக் குரல் இல்லை என்று தெரிந்தது. பிறகுதான் அண்ணன் சொன்னார். ஸ்க்ரத்தில் கழுத்து மாட்டிக்கொண்டால் அப்படிக் கத்த வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்டதும் எல்லோரும் தள்ளுவதை நிறுத்த வேண்டும், நடுவர் விசில் ஊத வேண்டும். அந்தப் பிள்ளையின் தலை மடங்கி, அண்ணனின் மார்புக்கு அடியில் சிக்கியிருந்தது. நடுவர் மறுபக்கம் நின்றார். விசில் வரவில்லை. பின்னால் இருந்த யாருக்கும் கேட்கவில்லை, இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டே இருந்தார்கள்.

தள்ளியவர்களில் அண்ணனுக்கு மட்டும் கேட்டது. அவர் தள்ளினால் கழுத்து போய்விடும். கீழே உட்கார்ந்தாலோ அத்தனை பேரும் அந்தக் கழுத்தின் மேல் விழுவார்கள். அண்ணன் அந்தப் பிள்ளையின் சட்டையைக் கையால் இறுக்கிப் பிடித்து மேலே தூக்கினார். தூக்கியபடியே ஓர் அடி பின்னால் வைத்தார். பின்னாலிருந்து தன் ஆட்கள் தள்ளுகிறார்கள், முன்னாலிருந்து எதிராளிகள் தள்ளுகிறார்கள். நடுவில் விழாமல் இன்னோர் அடி வைத்தார். கழுத்து நரம்பெல்லாம் கயிறு போல எழுந்து நின்றது. ஜெயிக்கிறோம் என்று நினைத்து எதிரணி இன்னும் வேகமாகத் தள்ளியது. பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டிப் போனார்கள். அவர்களுக்குப் புள்ளி. அண்ணன் அணி தோற்றது.

எல்லோரும் பிரிந்து எழுந்தபோது அந்தப் பிள்ளை எழவில்லை. அண்ணன் பக்கத்தில் மண்டியிட்டார். “கால ஆட்டு. டேய், கால ஆட்டுடா” என்றார். கால் ஆடவில்லை. அண்ணன் அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடியும், “ஆட்டுடா ராஜா” என்றார். அப்புறம்தான் கட்டைவிரல் அசைந்தது. சற்று நேரத்தில் அந்தப் பிள்ளை எழுந்து நின்றார். அவர் கூட்டாளிகள் வந்து, ஒன்றும் தெரியாமல், அவரைக் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். நீங்கள் பார்த்ததெல்லாம் அண்ணன் பின்னால் போனதைத்தான். தூரத்திலிருந்து அவ்வளவுதான் தெரியும்.

வேனுக்குப் பின்னால் அண்ணனைக் கேட்டேன்.

“ஏன் ணா யாருகிட்டயும் சொல்லல?”

“சொன்னா அவன் கழுத்துல கொறன்னு ஆயிடும். அப்புறம் எந்த கிளப்புக்காரனும் எடுக்க மாட்டான். இப்பதான்டா வரான் அவன்.”

“உன்ன எடுக்கலன்னா?”

“நான் ஆடிட்டேன்.” பையை வேனில் போட்டுவிட்டு, “நைனாவுக்குத் தெரியவே கூடாது. மேளச் சத்தத்துலதான்டா விசில்காரருக்குக் கேக்கல” என்றார்.

அண்ணனின் ஒப்பந்தம் போனது. அவர் இடத்துக்கு அந்த ராயபுரத்துப் பிள்ளையையே கிளப் எடுத்துக்கொண்டது. அந்தச் செய்தி வந்த பிறகு நம் ஊரில் பேசாத பேச்சில்லை.

அண்ணன் திண்டிவனம் ரோட்டில் டயர் கடை போட்டார். நான் கூடவே இருந்தேன். லாரி பின்னால் எடுக்கும்போதெல்லாம் கிளீனர்கள் கத்துவார்கள்: “டிரைவர் அண்ணே, நீ எறங்கு. ரிவர்ஸ்ல போறதுக்கு ஓனர்தான் கெட்டி!” ரிவர்ஸு என்றே பெயர் ஆகிவிட்டது. விசேஷ வீடுகளில் உறவினர்களும் அப்படித்தான் கூப்பிட்டீர்கள். அண்ணன் சிரித்துக்கொண்டே, “வலப்பக்கம் ஒடி, வா, வா” என்று லாரிக்குக் கை காட்டுவார். பள்ளிக்கூடத்தில் தன் மகளையும் அப்படிக் கூப்பிட்டார்கள் என்று தெரிந்த அன்று மட்டும் அவர் மதியம் சாப்பிடவில்லை.

நைனா அண்ணனை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் அதற்கப்புறம் அந்த ஆட்டத்தின் பேச்சை எடுத்ததும் இல்லை. இருவரும் ஒரே வீட்டில் சாப்பிடுவார்கள். மழை, மாடு, ரேஷன் என்று பேசுவார்கள். டிவியில் எந்த விளையாட்டு வந்தாலும் நைனா எழுந்து வெளியே போய்விடுவார்.

அண்ணனுக்கு வயிற்றில் கட்டி என்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவ்வளவு பெரிய உடம்பு, கடைசியில் நான் ஒருவனே தூக்கி உட்கார வைக்கும்படி ஆகிவிட்டது. ஒருநாள் காலையில் கேட்டேன். “அந்த ராயபுரத்துத் தம்பி ஆட்டத்த விட்டுட்டாராம் ணா. இப்பவாவது நைனாகிட்ட சொல்லட்டுமா?”

கண்ணை மூடியபடியே பதில் சொன்னார். “நீயா போய் சொல்லாத. அவரா கேட்டா மறைக்காத.”

அடக்கத்துக்கு அந்த ராயபுரத்துத் தம்பி வந்திருந்தார். வீங்கிய காதுகளோடு கல்லறை ஓரத்தில் நின்று அழுதாரே, அவர்தான். “இவன்தான் நம்ம ரிவர்ஸத் தள்ளுனவன்” என்று யாரோ மெதுவாகச் சொன்னது அவர் காதிலும் விழுந்தது. அவர் என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். பக்கத்தில் நைனா நின்றுகொண்டிருந்தார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

அதற்கப்புறம் இந்த ஒரு வருடமும் நைனாவுக்குச் சாப்பாடு வைக்கும்போதெல்லாம், இன்றைக்குக் கேட்பாரோ என்று நினைப்பேன். கேட்க வேண்டும் என்றும் இருக்கும், கேட்டுவிடக் கூடாது என்றும் இருக்கும். போன வாரம் இந்த மலருக்குப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டிருந்தோம். கொழும்பு கிளப் பனியனோடு அண்ணன் நிற்கிற படத்தை நைனா கையில் வாங்கினார்.

“அன்னிக்கு ஏன்டா பின்னாடி வந்தான்?”

அண்ணன் சொன்னது நினைவுக்கு வந்தது. நடந்ததைச் சொன்னேன். அந்தக் குரல், மடங்கிய தலை, தூக்கிப் பிடித்த கை, எல்லாம் சொன்னேன். மேளத்தை மட்டும் விட்டுவிட்டேன். நைனா படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“விசில்காரன் இன்னா பண்ணான்?”

“அவருக்குக் கேக்கல நைனா.”

“ஏன் கேக்கல?”

நான் மற்ற போட்டோக்களை அடுக்கத் தொடங்கினேன். நைனா என் முகத்தையே பார்த்தார். பிறகு, “மேளம்” என்றார்.

படத்தை மடியில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அண்ணி வாசலில் நின்றார். அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தேன். வெகுநேரம் கழித்து என் பக்கம் திரும்பினார்.

“அந்தப் பையன் கழுத்து இப்ப எப்டி இருக்குது?”

“நல்லா இருக்குது நைனா. ரெண்டு கொழந்தைங்க.”

“போன் போடு.”

போட்டுக் கொடுத்தேன். “நான் அவன் நைனா பேசுறேம்பா” என்றார். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் எனக்கே கேட்டது. “அழுவாத. ஞாயித்துக்கெழம நெனவுப் பூசைக்கு வந்துடு. எங்கூட முன்னாடி நில்லு” என்றார் நைனா. போனை என்னிடம் நீட்டிவிட்டு, “இத பொஸ்தவத்துல எழுது. மேளம் அடிச்சது நான்தான்னும் எழுது” என்றார்.

“அது வேணாம் நைனா.”

“விசில் ஏன் ஊதலன்னு உங்க சித்தப்பன் கேப்பான்டா. இன்னா சொல்லுவ? எழுது.”

எழுதிவிட்டேன். யாரையும் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அன்று எல்லோரும் அண்ணன் மேல் இருந்த ஆசையில்தான் வந்தோம்.

அண்ணனுக்கு இரத்தம் கொடுத்தவர்களுக்கும், ஆஸ்பத்திரியில் முகம் கோணாமல் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாக்களுக்கும், நாங்கள் பாண்டியில் இருந்தபோது மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிய பக்கத்து வீட்டாருக்கும், பெட்டியைத் தோளில் சுமந்தவர்களுக்கும், பங்குத்தந்தைக்கும், தன் கழுத்தைப் பற்றி எழுதச் சம்மதித்த ராயபுரத்துத் தம்பிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணியைப் பற்றி எழுத எனக்கு எழுத்து போதாது.

உறவினர்களிடம் இதுவரை நான் எதுவும் கேட்டதில்லை. இப்போது ஒன்று கேட்கிறேன். அந்தப் பெயரை இனி யாரும் சொல்ல வேண்டாம். அண்ணனின் மகள் இந்த வருடம் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள்.

செஞ்சி,
9-2-2025, ஞாயிற்றுக்கிழமை.