கொக்கு பார்க்க வந்தவர்

கழுத்தில் தொலைநோக்கி தொங்கவிட்டவன் எவனும் புலனாய்வு ஆளாகத்தான் இருப்பான் என்று யுத்த காலத்தில் நான் மனதார நம்பியிருந்தேன். போன கிழமை வீட்டுக்குள் வெள்ளம் வந்தது. ஃபிரிட்ஜைச் சாப்பாட்டு மேசையில் ஏற்றி, நானும் பக்கத்தில் ஏறிக் குந்தியபோது, அந்தச் சேற்று மணம் பழைய கதையை இழுத்து வந்தது.

அதே மணம் அப்போது ஜன்னலுக்கு வெளியே, தன் இடத்தில் இருந்தது. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில், வாய்க்காலோரம், மழைவெள்ளத்தையெல்லாம் குடித்துவிடும் ஒரு சதுப்பு நிலம். கொக்கு, தாழைக்கோழி, குசினி வாசல்வரை வந்து மீன்தலை கேட்கும், உடும்பின் பெரியண்ணன் போன்ற ஒரு கபரகொய்யா. தமிழர் எல்லாரும் பொலிஸில் பதிய வேண்டியிருந்த அந்தக் காலத்தில், பதியாமல் கொழும்பில் நிம்மதியாகக் குடியிருந்த ஒரே சீவன் அதுதான்.

மூன்று நாளாக ஒருவர் அங்கே நின்று தொலைநோக்கியால் பார்த்துக் குறிப்பெழுதினார். நான் யாழ்ப்பாண விலாசங்கள் இருந்த கொப்பியை அரிசி வாளிக்குள் புதைத்தேன். பிறகு ஒழுங்கையின் ஏழு வீட்டுக்கும் போய், யார் தட்டினாலும் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். என் ஆயுளில் நான் செய்த ஒரே பொதுச்சேவை. அதையாவது அரைகுறையாகச் செய்திருக்கக் கூடாதா?

நாலாம் நாள் அவரே வந்து தட்டினார். நான் கக்கூசுக்குள். மனைவி திறந்தாள். ஆள் காணித் திட்டத்துக்காகப் பறவை எண்ண வந்த சிங்களவர். சதுப்பு நிலத்தைக் கட்டடக் காணியாக மாற்ற அனுமதி கேட்டிருக்கிறார்களாம். மாதம் முடியுமுன் ஒழுங்கைக்காரர் எழுத்தில் மறுத்தால்தான் பாதுகாக்க வழியுண்டாம். மற்ற வீடுகளில் ஒருவரும் கதவு திறக்கவில்லையாம். படிவத்தை நீட்டி, தெரிந்த தமிழில் சொன்னார்: "நோனா, கொக்கு கையெழுத்து போட மாட்டாது. நீங்கதான் போடணும்."

அவர் போனதும் மனைவி கக்கூசுக் கதவைத் தட்டினாள். "குடும்பத் தலைவர் கையெழுத்து வைக்கவேணுமாம். தலைவர் வெளியால வாங்கோ. அந்தாள் பாத்தது கொக்கை."

படிவத்தில் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம். பொலிஸுக்கு இதையே எழுதிக் கொடுத்துக் கை தேய்ந்த நான் பேனையை மூடினேன். நாளைக்குப் பார்ப்பம் என்று அதையும் அரிசி வாளிக்குள் வைத்தேன். தினமும் அரிசி அளக்கும்போது அவள் எடுத்துக் காட்டுவாள். நாளைக்கு என்பேன். ஏழு வீட்டுக்கும் திரும்பிப் போய், நான் சொன்னது விசர்க்கதை என்று சொல்லவும் வெட்கம்.

மாதம் முடிந்தது; எங்கள் ஒழுங்கையிலிருந்து ஒரு கையெழுத்தும் போகவில்லை, சதுப்பு நிலத்தை மண் கொட்டி நிரப்பினார்கள். இப்போது அங்கே எட்டு மாடி. வாசல் பலகையில் கொக்குப் படம். போன கிழமை மேசைமேல் இருந்தபடி யாரைத் திட்டலாம் என்று நான் யோசிக்க, மனைவி, நனையாமலிருக்க அரிசி வாளியைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.

 சதுப்பு நிலத்தை மண் கொட்டி நிரப்பினார்கள்.