பெரிய வெள்ளியில் அடித்த தளம்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பங்குச் சாமியார் கட்டினார் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இடம் வாங்கியது அவர்தான், இல்லையென்று சொல்லவில்லை. தேக்கு உத்திரத்துக்காக மெட்ராஸ் வரை அலைந்ததும் அவர்தான். ஆனால் மேல்தளத்தை அடித்தது யார்? என் அம்மா ஜெசிந்தாவும் அவளோடு பதினோரு பெண்களும்!

அச்சரப்பாக்கத்துக்குக் கிழக்கே, ஏரிக்கரையை ஒட்டிய சேரி எங்களுடையது. ஐம்பத்து நான்காம் வருஷம் வரை பள்ளிக்கூடம் என்பது ஒரு கீற்றுக் கொட்டகை. மழை வந்தால் பாடம் முடிந்தது, வீட்டுக்கு ஓடுவோம். பார்க்க வந்த கல்வி அதிகாரி, "கெட்டிக் கட்டடம் எழுப்புங்கள். ஐப்பசி மழையில் வந்து பார்ப்பேன். ஒரு சொட்டு ஒழுகினாலும் அங்கீகாரம் கிடையாது" என்று சொல்லிவிட்டார். அங்கீகாரம் இல்லையென்றால் ஐந்தாவது முடித்தாலும் வேறெங்கும் சேர்க்க மாட்டார்கள். நான் அப்போது நாலாவது. அதற்குமேல் எனக்கு ஆண்டை வயலில் களை பறிப்புதான். அம்மாவுக்கு வேறு கவலையே இல்லை, இது ஒன்றுதான்.

சுவர் எழும்பி உத்திரம் ஏறியது. அதன்மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கி, சுண்ணாம்பும் ஜல்லியும் கொட்டுவார்கள். பிறகு பெண்கள் வரிசையாகக் குந்தி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, மரக்கட்டையால் அடிக்க வேண்டும். தளம் இறுகி, அடித்த கட்டை எகிறும் வரை விடக் கூடாது. நடுவில் விட்டால் வெடிக்கும், வெடித்தால் ஒழுகும்.

செங்கல்பட்டிலிருந்து வந்த மேஸ்திரி அருணகிரி செவ்வாய்க்கிழமை கலவையைக் கொட்டினார். ஐந்து நாள் வேலை. அது பெரிய வாரம் என்பது அவருக்குத் தெரியாது, அவர் இந்து. தெரிந்த நாங்களோ கட்டடம் எழும்புகிற சந்தோஷத்தில் நாட்களை எண்ணவே இல்லை. ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த பெரிய வெள்ளியன்று எங்கள் ஊரில் உரலில்கூட உலக்கை விழாது. ஆணி அடித்தால் ஆண்டவர் கையில் அடித்த மாதிரி.

வியாழன் சாயங்காலம் பெண்கள் கட்டையைக் கீழே வைத்துவிட்டார்கள். மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது பேஜாரா கீது! ரெண்டு நாள் வுட்டா மொத்தமும் பூடும்!"

"பாவம் அண்ணாத்த, எங்களால முடியாது" என்றாள் பக்கத்து வீட்டு சாராள்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாமியார் வீட்டுக்கு நடந்தாள். தோத்திரம் சொன்னாளோ இல்லையோ, ஆரம்பித்துவிட்டாள்.

"சாமி, நாளைக்குக் கோயில்ல மணி அடிப்பீங்களா?"

"சனிக்கிழமை வரைக்கும் மணி கிடையாதே, உனக்குத் தெரியாதா?"

"அப்ப ஜனங்களை எப்டிக் கூப்புடுவீங்க?"

"மரக்கட்டையைத் தட்டித்தான்."

"எங்க கையில மட்டும் இன்னா கீது? அதே மரக்கட்டைதானே! உங்க கட்டை ஆண்டவருக்கு ஆவும், எங்க கட்டை ஆவாதா?"

சாமியார் மெல்லச் சொன்னார்: "கோயில் சடங்கு நேரத்துல நிறுத்திடணும். வேலைப் பாட்டு பாடக் கூடாது."

"ஒப்பாரி பாடறோம் சாமி."

சாமியாரே உத்தரவு கொடுத்துவிட்டார் என்றதும் பெண்கள் திரும்பி வந்தார்கள். வெள்ளிக்கிழமை சித்திரை வெயிலில், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், ஆண்டவர் பாடுகளைப் பாடி அழுதபடி பன்னிரண்டு பேரும் அடித்தார்கள். சாராள்தான் பெருங்குரலில் அழுதாள். சனிக்கிழமை மணி அடித்தபோது, அம்மா ஓங்கி அடித்த கட்டை எகிறிக் கையை விட்டே பறந்தது. மேஸ்திரி எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார்.

ஐப்பசியில் அதிகாரி சொன்னபடி வந்தார். மழை பிடித்துக்கொண்டது. பழக்கதோஷம், நாங்கள் எழுந்து நின்றோம். "எங்க ஓடறீங்க? உக்காருங்க" என்றார் வாத்தியார். அதிகாரி அரைமணி நேரம் அண்ணாந்து பார்த்தபடி அறையைச் சுற்றி வந்தார். ஒரு சொட்டு இல்லை! "அங்கீகாரம் எழுதி அனுப்புகிறேன் சார், பாடத்தை நடத்துங்க" என்றார்.

ஜன்னல் பக்கம் திரும்பினேன். வெளியே அம்மா, தொப்பலாக நனைந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒழுவுதாடி?"

"இல்லம்மா!"

"அப்புறம் இன்னாத்துக்கு என் மூஞ்சியப் பாத்துகினு கீறே? பொஸ்தகத்தப் பாருடி!"