சுவரில்லாத கோட்டை

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உள்ளே அனுப்புவது அவள் பிழைப்பு. உயிரெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் இருந்தது. நண்பர்கள் வீரர்களாகி மேசையைச் சுற்றிப் பகடை உருட்ட, ஒருவர் கதையை நடத்த வேண்டும். அந்த ஒருவர் அவள்தான். கோட்டையின் படத்தை மடிக்கணினி மென்பொருளில் ஏற்றி, அவரவர் வீரன் கண்ணுக்கு எட்டுவது மட்டும் அவரவர் போனில் தெரியும்படி செய்துவைப்பாள்.

பித்தப்பை ஆபரேஷனுக்கு அவள் படுத்தபோது, "கொஞ்ச நாள் நான் பாத்துக்கறேன்" என்று அண்ணன் கதை நடத்தும் நாற்காலியில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. "நீ இனிமே ஆடு. கதை சொல்றதுதான் வேலை. நீ சும்மா படம் ஏத்தினவ" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். எல்லாரும் அவரவர் பகடையை எடுத்துக்கொண்டார்கள். அவளுக்கு வயிறு எரிந்தது. தையல் பிரித்தபோதுகூட அப்படி எரியவில்லை.

படத்தில் சுவர் இருந்தால் மட்டும் மென்பொருள் பார்வையை மறைத்துவிடாது. சுவர் மேலேயே கோடு இழுத்துச் சொல்ல வேண்டும். அறை அறையாக இழுத்தவள் அவள். கதை நடத்துபவர் திரையில் எப்போதும் எல்லாமே தெரியும் என்பதால், அந்தப் பெரிய மனுஷனுக்கு இந்தச் சங்கதியே தெரியாது. கடவுச்சொல் இன்னும் அவளுடையதுதான். சனிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் மருத்துவமனைக் கணினி வழியாக உள்ளே நுழைந்து ஒரு கோடு விடாமல் அழித்தாள். கை கூசவே இல்லை.

மறுநாள் அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "கும்மிருட்டு. கதவுக்குப் பின்னால என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது..."

"மூணு பூதம் இருக்கு" என்றார் ஆட வந்திருந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், போனைப் பார்த்தபடி. "பக்கத்து ரூம் பீரோவுக்குள்ள ஒரு மந்திரவாதி நிக்கிறாரு. பாவம், வேர்க்காதா?"

சிரிப்பில் மேசையே குலுங்கியது. மாதக்கணக்கில் அண்ணன் பொத்திப் பொத்தி வைத்திருந்த ரகசியம் அந்த மந்திரவாதிதான். எதை அமுக்கியும் இருட்டு வரவில்லை. முகம் செத்துப்போய், மடிக்கணினியை அவள் பக்கம் தள்ளினான்.

"என்னன்னு பாரேன்."

"அந்த நாற்காலிய விட்டு எழுந்திரு. பாக்கறேன்."

அவன் கடைக்காரரைப் பார்த்தான். அவர் பகடையைப் பார்த்தார். எழுந்தான். அவள் உட்கார்ந்து நிதானமாகக் கோடுகளை இழுத்தாள். அவனுக்கும் ஒரு வீரனைக் கொடுத்து, ஜன்னலில்லாத மூலை அறையில் போட்டு, நாலு பக்கமும் அடைத்தாள்.

அண்ணன் தன் போனைத் தட்டினான், துடைத்தான். "எனக்கு ஒண்ணுமே தெரியலையே?"

"விளக்கு கொண்டு வந்தியா?"

"இல்ல..."

"அப்ப இருட்டுலயே உக்காந்திரு அண்ணா" என்று சொல்லிவிட்டு, மற்றவர்களை அடுத்த அறைக்குக் கூட்டிப் போனாள்.