ரகுமத்து ராத்தா நின்ற வாசல்

நான் இந்தமாதிரிக் கதைகளை நம்புகிற ஆள் இல்லை, அதை முதலே சொல்லிவிடுகிறேன். எங்கள் அரிப்புக் கடற்கரையில் வெள்ளைக்காரத் துரை கட்டிவிட்டுப்போன மாளிகை இடிந்து கிடக்கிறதே, அதற்குள்ளே பெண்ணொருத்தி அழுகிறாள் என்று ஊரே பயந்து கிடந்த காலத்தில், அது காற்றுத்தான் என்று சொல்லி உள்ளே போய் விறகு பொறுக்கிக்கொண்டு வந்தவள் நான். அப்படிப்பட்டவள் சொல்கிறேன். சிரிப்பதென்றால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எங்கள் வேலிக்கு அடுத்த வேலி ரகுமத்து ராத்தாவுடையது. நாங்கள் வேதக்காரர், மாதாவைக் கும்பிடுகிறவர்கள், அவர் இஸ்லாம், அவர்கள் அக்காவை ராத்தா என்பார்கள், ஆனால் எனக்குக் கூடப்பிறந்த அக்கா இருந்திருந்தாலும் இவ்வளவு ஒட்டாக இருந்திருப்பாளா தெரியாது. முத்துக் குளிக்கப் போன அவருடைய புருசன் திரும்பி வரவில்லை, பிள்ளையும் இல்லை. கொஞ்சம் ஆடுகளும் ஊர் அதிரச் சிரிக்கிற ஒரு சிரிப்பும்தான் அவருடைய சொத்து. எந்த வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் ஆட்டுப்பாலோடு போய் நிற்பார். எங்கள் வீட்டுக்கென்றால் கூப்பிட்டுக் கேட்டு வருகிற பழக்கமே கிடையாது, நேரே குசினிக்குள் போய்ச் சட்டி மூடியைத் திறந்துபார்த்து, "என்னடி பிலோமினா, இது சொதியோ கடல் தண்ணியோ?" என்று கேட்டுவிட்டுத் தானே தேங்காய் துருவ உட்காருவார். என் மகள் றோசலின் பிறந்தபோது எனக்குப் பால் ஊறவில்லை. அவள் வளர்ந்தது ராத்தாவின் ஆட்டுப்பாலில். அவளும் "மாமி, மாமி" என்று அவருடைய முந்தானையிலேயே தொங்கித் திரிந்தாள்.

பிறகு அந்தக் காய்ச்சல் வருசம் வந்தது. ஊரில் பாயில் கிடக்காத ஆள் இல்லை. ராத்தா வீடு வீடாகப் போய்க் கஞ்சி பருக்கினார், கால் பிடித்துவிட்டார், "நீங்களும் கொஞ்சம் படுங்கோ ராத்தா" என்று நான் சொன்னால், "நான் படுத்தால் இதுகளை ஆர் பாக்கிற?" என்பார். கடைசியில் அவரே படுத்தார், எழும்பவில்லை. ஆண்கள் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மையவாடிக்கு அடக்கப் போனபோது எங்கள் கோயில் சுவாமியார்கூட வேலிக்கு வெளியே தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஆடுகளை நான் அவிழ்த்துக்கொண்டு வந்து எங்கள் முற்றத்தில் கட்டினேன். பல நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஊரில் காய்ச்சல் தணிந்துவிட்டது என்று எல்லாரும் மூச்சுவிட்ட நேரத்தில்தான் றோசலினுக்கு வந்தது. பிள்ளையின் உடம்பு தணலாய்க் கொதித்தது, கண் செருகியது. என் மனுசன் காய்ச்சலுக்குக் கொயினாக் குளிசை வாங்கிவரவென்று விடியவே வள்ளத்தில் மன்னாருக்குப் போய்விட்டார். நானும் பிள்ளையும் மட்டும்.

பின்னேரம் கோயில் மணி அடித்து ஓய்ந்தது. இருட்டவில்லை, மேற்கே கடல் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது, அதனால் இருட்டில் எதையோ பார்த்து மயங்கினேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். நான் துணியை நனைத்துப் பிள்ளையின் நெற்றியில் போட்டுக்கொண்டிருந்தேன். முற்றத்தில் ஆடுகள் கத்திக்கொண்டே இருந்தன, திடீரென்று ஒன்றுகூடக் கத்தவில்லை. என்னவென்று நிமிர்ந்து பார்த்தால், வாசலில் ரகுமத்து ராத்தா நிற்கிறார்.

நம்பினால் நம்புங்கள். அதே பச்சைக்கரைச் சேலை, அதே முக்காடு, கொஞ்சம் வலப்பக்கம் சரிந்த அதே தோள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் இரண்டு பக்க நிலையையும் பிடித்துக்கொண்டு நின்றார். ஒருநாளும் வாசலில் நின்றறியாத மனுசி உள்ளேயும் வராமல், திரும்பியும் பார்க்காமல், வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறார்.

அவ்வளவு நேரமும் அசையாமல் கிடந்த பிள்ளை கண்ணைத் திறந்தாள். "மாமி வந்திருக்கிறா" என்றாள். பிறகு வாசலைப் பார்த்தபடி, "வாறன்... வாறன்..." என்று சொல்லிக்கொண்டு பாயிலிருந்து எழும்பப் பார்த்தாள். அந்தக் கொதிக்கிற உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, நான் மேலே விழுந்துதான் அவளை அமுக்கிப் பிடிக்கவேண்டியிருந்தது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது, அல்லது விளங்கியதாக நினைத்தேன். பிள்ளையில்லாத மனுசி, வளர்த்த பாசம், கூட்டிக்கொண்டு போக வந்துவிட்டார்.

"ராத்தா," என்றேன். "நான் உங்களிலை எவ்வளவு பட்சம் எண்டு உங்களுக்குத் தெரியும். என்ன வேணுமெண்டாலும் கேளுங்கோ. இவளை மட்டும் தரமாட்டன். போங்கோ ராத்தா."

அவர் அசையவில்லை. தலையை மட்டும் இல்லை என்பதுபோல மெல்ல ஆட்டினார். நிலையைப் பிடித்திருந்த விரல்கள் இன்னும் இறுகின.

அதற்குப் பிறகு நான் அழுதேன், கத்தினேன், சொல்லக்கூடாத சொல்லெல்லாம் சொன்னேன். மடு மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்து சுவாமிப்படத்துக்கு முன்னால் வைத்திருந்த மண்ணை ஒரு பிடி அள்ளி அவர் முதுகில் எறிந்தேன். மண் சேலையில் பட்டு உதிர்ந்தது. ராத்தா நின்ற இடத்திலேயே நின்றார். பிள்ளை "வாறன்" என்று சொல்லச் சொல்ல அவர் கால்களை இன்னும் அகட்டி ஊன்றிக்கொண்டார், காற்றுக்கு எதிராக நிற்கிற ஆள்மாதிரி. வெளியே ஆடுகளோ எல்லாம் ஒரே திசையில் பார்த்துக்கொண்டு நின்றன. அவை ராத்தாவைப் பார்க்கவில்லை. வேலிப் படலைக் கதவுப் பக்கம் பார்த்தன.

எவ்வளவு நேரம் போனதென்று எனக்குத் தெரியாது. என் கைக்குள்ளே பிள்ளையின் உடம்பு மெல்ல ஈரமாவது தெரிந்தது, வியர்க்கத் தொடங்கிவிட்டாள். அதே நேரம் கடற்கரையிலிருந்து என் மனுசன் ஆரையோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் காது கொடுத்துவிட்டுத் திரும்பினால் வாசல் வெறுமையாகக் கிடந்தது. ஆடுகள் பழையபடி கத்தத் தொடங்கின. மனுசன் குளிசையோடு உள்ளே வந்து பிள்ளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் விட்டிட்டுதே!" என்றார். நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை, சொன்னால் எனக்கும் காய்ச்சல் என்று அந்தக் குளிசையை எனக்குத் தந்திருப்பார்.

இவ்வளவும்தான் என்றால் இன்றைக்கு இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டேன், பாசத்தில் வந்த மனுசி பாசத்தில் விட்டுவிட்டுப் போனார் என்று மனதை ஆற்றியிருப்பேன். றோசலினுக்குக் கலியாணம் பேசி முடிந்து, அவளுக்குத் தலைபின்னிவிட்டுக்கொண்டிருந்த ஒருநாள், என்ன நினைத்தேனோ, "அண்டைக்கு மாமி உன்னைக் கூட்டிக்கொண்டு போக வந்தவ, தெரியுமோ?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "ஆர் சொன்னது? மாமி என்னைக் கூப்பிடவே இல்லையே அம்மா. வெளியிலை, படலையடியிலை நிண்டதுதான் கூப்பிட்டது. மாமி அதை உள்ளுக்கு வரவிடாமல் மறிச்சுக்கொண்டெல்லோ நிண்டவ."

சீப்பு என் கையிலேயே நின்றுவிட்டது. "அது எப்பிடி இருந்தது?" என்று கேட்டேன்.

அவள் வாசல் பக்கம் ஒருதரம் பார்த்தாள். பிறகு, "உங்களை மாதிரி," என்றாள். "உங்கட சேலை, உங்கட முகம். உங்கட குரலிலைதான் 'மோளே, வா' எண்டு கூப்பிட்டது. என்னைப் பிடிச்சுக்கொண்டிருந்தது ஆரெண்டுதான் எனக்கு அப்பத் தெரியேல்லை."

இப்போது அவளுக்கே பேரப்பிள்ளை இருக்கிறது. பக்கத்து வளவில்தான் இருக்கிறாள், நான் அங்கேயும் இங்கேயுமாக இருக்கிறேன். ஆனால் நான் முற்றத்தில் நின்று "றோசலின்" என்று கூப்பிட்டால், அவள் ஒருநாளும் உடனே வெளியே வரமாட்டாள். முதலில் வீட்டுக்குள்ளே திரும்பி, நான் அங்கே இருக்கிறேனா என்று பார்ப்பாள்.